கடல் விழுங்கிய ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஊதாக்காடு

இங்கிலாந்தில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க ஆகஸ்டில் போகிறீர்களா? ஒரு நாளை சஃபோக் கடற்கரையில் இருக்கிற டன்விச் ஹீத்துக்கு ஒதுக்குங்கள். நேஷனல் டிரஸ்ட் பாதுகாக்கும் மேட்டு நிலம் இது. மரங்கள் குறைவு. முழங்கால் உயர ஹெதர் புதர்கள்தான் எங்கும். ஆகஸ்டில் கண்ணுக்கு எட்டிய வரை ஊதா, நடுநடுவே கோர்ஸ் செடியின் மஞ்சள், அதற்கப்பால் வட கடல்!

இந்த அழகு தானாக நிற்பதில்லை. வெட்டாமல், ஆடுமாடு மேயாமல் விட்டால் பிர்ச் மரங்கள் முளைத்து மூடிவிடும். டார்ட்ஃபோர்ட் வார்ப்ளர் என்ற நீண்ட வால் குட்டிப் பறவைக்கு இந்தப் புதர்தான் வீடு. பக்கிப் பறவையோ தரையிலேயே முட்டையிடும். அதனால்தான் பாதையை விட்டு இறங்காதீர்கள் என்கிறார்கள். செல்ஃபிக்காகப் பூவுக்குள் இறங்குகிறவர்களுக்கும் சேர்த்துத்தான்!

வடக்கே நடந்தால் டன்விச் கிராமம். ஒரு காலத்தில் பெரிய துறைமுக நகரம். 1286-ல் வந்த புயல் பலத்த அடி கொடுத்தது. பிறகு கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. ஆல் செயின்ட்ஸ் தேவாலயம்கூட 1919-க்குள் சரிந்துவிட்டது. ஊர் பெரும்பாலும் கடலுக்குள் போன பிறகும் 1832 வரை இரண்டு எம்.பி.க்களை அனுப்பியது தனிக் கூத்து. கரை இன்னும் அரிக்கிறது. விளிம்பில் நிற்காதீர்கள், குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

டார்ஷம் வரை ரயில், பிறகு கார். ஸ்வெட்டர் அவசியம். பழைய கடலோரக் காவலர் குடியிருப்பில் டீ கிடைக்கும்.