ஓரிரவு தங்கிச் சென்ற மகன்



சென்ற தை மாதம், சவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு அப்பாலுள்ள சிற்றூர் ஒன்றில் திருப்பலி நிறைவேற்றச் சென்றிருந்தேன். திருப்பலி முடிந்ததும் அறுபது வயதைக் கடந்த தாய் ஒருவர் என்னிடம் வந்து, "சாமி, முந்தாநாள் என் மகன் வந்துட்டுப் போனான்" என்றார். அவர் முகத்தில் அத்துணை மலர்ச்சி!

"எத்தனை நாள் இருந்தார் அம்மா?"

"சாயங்காலம் கடைசி பஸ்ஸுல வந்தான். காலையில முதல் பஸ்ஸுல போயிட்டான்."

மகன் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். எட்டு மாதங்களுக்குப்பின் கிடைத்த ஓரிரவு அது.

மழையை நம்பிச் சாமையும் தினையும் விளையும் மலை இது. அறுவடை முடிந்தால் பிழைப்புக்கு வழி தேடி இளைஞர்கள் கீழே இறங்குகின்றனர். இறங்கிய அனைவரும் திரும்பி வந்தாரில்லை. 2015 ஏப்ரல் 7ஆம் நாள், ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறிக் காவல்துறையினர் சுட்டதில் தமிழகத் தொழிலாளர் 20 பேர் மாண்டனர். அவர்களுள் சவ்வாது மலையினரும் இருந்தனர். ஆதலின், இம்மலையில் இருட்டியபின் கேட்கும் மகனின் காலடியோசை, தாய்க்கு எளிய ஓசையன்று.

"மகனோடு என்ன பேசினீர்கள்?" என்று வினவினேன்.

"ஒண்ணும் பேசல சாமி. கூரை ஒழுகுது, கடன் நிக்குது, எல்லாம் சொல்லணும்னுதான் வச்சிருந்தேன். சோத்தைத் தின்னுட்டு அடுப்போரமாப் படுத்துத் தூங்கிட்டான். நல்ல குளிரு. போர்வையைப் போத்திட்டு, விடியிற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன். கூரை இன்னும் ஒழுகிக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா, மனசு ஆறிடுச்சு."

மலையை விட்டு இறங்கும்போது, அச்சொற்கள் என் சொந்த வீட்டை நினைவூட்டின. குருவான பின்னர் ஆண்டுக்கு ஓரிரு முறை என் தாயைக் காணச் செல்வதுண்டு. கைக்கடிகாரத்தை நோக்கியவாறே உணவு உண்பேன். அம்மா எதிரே அமர்ந்து என்னையே பார்த்துக் கொண்டிருப்பார். "ஏனம்மா, ஒன்றும் பேசவில்லை?" என்றால், "நீ சாப்பிடு" என்பார். பேசுவதற்கு ஒன்றுமில்லை போலும் என்றெண்ணி, சற்று முன்னதாகவே விடைபெற்ற நாட்களும் உண்டு. அம்மா மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பார்வையே அவருடைய பேச்சு என்பதை, இத்தனை காலங்கழித்து ஒரு மலைத்தாய் எனக்குக் கற்பித்தார்.

இதே மலையிலுள்ள காவலூரில் வானாய்வு நிலையம் ஒன்று இருப்பதை அறிவீர்கள். 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துச் சென்றபோது, 1972இல் அங்கு நிறுவப்பட்ட ஒரு மீட்டர் தொலைநோக்கியின் வழியே அறிஞர்கள் அதனைக் கண்காணித்தனர். கோள் மறைப்பதற்கு முன்னரே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கித் தெளிந்தது. அமெரிக்க அறிஞர்கள் வானூர்தியிலிருந்து கண்டவையும் இத்தகைய சில நொடி மங்கல்களே. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்தது அவற்றால்தான். கண் விழித்துக் காத்திருந்தோர்க்குச் சில நொடிகள் போதுமானவையாயின. கவனமற்றவர்க்கோ ஓர் ஆண்டும் போதாது.

பெற்றோரே, வளர்ந்த மக்கள் ஒருநாள் விருந்தினர்போல் வந்து போகும் காலம் இது. "இவ்வளவுதானா?" என்ற ஏக்கத்தோடு வாயிலைத் திறந்தால், வந்த பொழுதும் கசந்துபோகும். ஊதாரி மகன் எண்ணி வைத்திருந்த சொற்களைச் சொல்லி முடிக்குமுன்னரே, அவனுக்கு ஆடையும் விருந்தும் ஆயத்தம் செய்யச் சொன்ன தந்தையை நினைவு கூருங்கள். குறைகளைச் சொல்ல வேண்டாம் என்று நான் கூறவில்லை. கூரை ஒழுகுவது மகனுக்குத் தெரியத்தான் வேண்டும். ஆனால் அதற்குக் கடிதமும் தொலைபேசியும் உண்டு. களைத்து வந்த முகத்தைக் காண்பதற்கோ நேரில் வந்த அந்தப் பொழுதைத் தவிர வேறில்லை.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு சொல். "ஒருநாள் விடுமுறைக்காக அத்தனை தொலைவு போவதா?" என்று தயங்காதீர்கள். கையில் ஒன்றுமில்லையே என்றும் நாணாதீர்கள். செல்லுங்கள், சாப்பிடுங்கள், தாயின் கண்ணெதிரே சற்று உறங்குங்கள். கைக்கடிகாரத்தை மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள். நான் அதைச் செய்யத் தவறியவன், ஆதலால் சொல்லுகிறேன்.

வருவோரையும் காத்திருப்போரையும் இறைவன் ஆசீர்வதிப்பாராக!