சாலையில் ஓடும் விமானம்

"வானில் பறந்து, சாலையிலும் ஓடும் வண்டி வந்துவிட்டால், ரயிலே இல்லாத இடுக்கி மலைக்குப் பாலக்காட்டிலிருந்து எளிதில் சென்று வரலாமல்லவா?" என்று நம் சங்கத்துப் பிள்ளைகள் வினவினர். ரயில்வே குமாஸ்தாவாகிய நாமும் ஆவலோடு ஆராய்ந்தோம்.

மோதலைத் தாங்கக் காருக்கு உறுதியும் கனமும் வேண்டும். எழும்ப விமானத்துக்கு இலேசு வேண்டும். இரண்டும் ஒன்றில் அமைவது அரிது. அமெரிக்காவில் மோல்ட் டெய்லர் 1949-இல் செய்த ஏரோகார், சாலையில் தன் சிறகுகளைப் பின்னால் இழுத்துச் சென்றது. 1956-இல் அரசாங்க அங்கீகாரம் பெற்றும், ஆறே வண்டிகள் உருவாயின. 2021-இல் ஸ்லோவாக்கியாவில் நிட்ராவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு 35 நிமிடத்தில் பறந்த ஏர்கார், மூன்று நிமிடத்திற்குள் சிறகுகளை மடக்கிக்கொண்டது. ஆயினும் எழும்பவும் இறங்கவும் அதற்கும் ஓடுபாதை வேண்டும்.

நம் மலையில் சமதளம் எங்கே? வண்டிப்பெரியாறுக்கு அருகே சத்திரத்தில் 650 மீட்டர் ஓடுபாதை உண்டு. 2022 ஏப்ரலில் இறங்க முயன்ற சிறு விமானத்தை எதிரிலிருந்த மேடு தடுத்தது. பின்பு மழையில் பாதையின் ஒரு பகுதி சரிந்தது. டிசம்பர் 1-ஆம் தேதியே முதல் விமானம் இறங்கிற்று.

தொடுபுழைப் பகுதியைச் சேர்ந்த சஜி தாமஸ், பேச்சும் செவியும் இல்லாதிருந்தும், தம் கையால் ஒரு சிறு விமானம் செய்தார். அது பறந்ததோ திருநெல்வேலிச் சீமையின் மணிமுத்தாற்றில்!

பிள்ளைகளே, கனவைக் கைவிடாதீர். ஆனால் எஸ்டேட்டில் நோயுற்ற தாய்க்கு இன்று வேண்டுவது, மழையில் சரியாத சாலை. முதலில் அதைக் கேட்போம்.