செத்தவனுக்குப் பூ, இருப்பவனுக்குப் பூட்டு

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் வூட்டன் பாசெட் என்று ஒரு சின்ன ஊர். 2007 முதல் 2011 வரை அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் செத்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் உடல்கள் பக்கத்திலுள்ள லைனம் விமானப்படைத் தளத்தில் வந்திறங்கும். அங்கிருந்து சவ ஊர்திகள் இந்த ஊரின் கடைத்தெரு வழியாகப் போகும். கடைக்காரர்கள் வியாபாரத்தை நிறுத்திவிட்டு வாசலுக்கு வருவார்கள். வயதான முன்னாள் படைவீரர்கள் கொடியைத் தாழ்த்துவார்கள். யாரும் உத்தரவு போட்டு நடந்ததல்ல அது. ஊர் தானாக நின்றது. 2011 அக்டோபரில் அரசி அந்த ஊருக்கு 'ராயல்' என்ற பட்டத்தைச் சேர்த்துக் கொடுத்தார்.

அந்தத் துக்கத்தை நான் கேலி செய்ய மாட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாயோடு தெருவில் நிற்பது மனிதத் தன்மை. என் கேள்வி வேறு. இவ்வளவு மரியாதையும் உயிரோடிருக்கும் சிப்பாய்க்கு எதைப் பெற்றுத் தந்தது? எந்தச் சிப்பாய்க்கு, எந்த நிறத்துச் சிப்பாய்க்கு இந்த மரியாதை?

சிப்பாயை பிரிட்டன் எப்போதும் இப்படிக் கொண்டாடியதில்லை. 19ஆம் நூற்றாண்டில் அந்த ராணுவத்தை நிரப்பியவர்கள் வேலையில்லாக் கூலிகளும் பஞ்சத்தில் அடிபட்ட ஐரிஷ் ஏழைகளும்தான். வெலிங்டன் பிரபு 1813இல் தன் சிப்பாய்களையே பூமியின் கசடு என்று எழுதினார். இரண்டே ஆண்டில் வாட்டர்லூவில் அவருக்குப் புகழ் வாங்கிக் கொடுத்தது அதே கசடுதான். சிவப்புச் சட்டைச் சிப்பாயை மதுக்கடைக்குள் விடாமல் விரட்டும் ஊர், போர் வந்தால் மட்டும் அவனை வீரன் என்கிறது என்பதையே 1890இல் கிப்ளிங் ஒரு கவிதையாக எழுத வேண்டியிருந்தது. காலனிய ஆதிக்கத்தின் பாவலரான அவர் கண்ணுக்கே அது உறுத்தியிருக்கிறது.

பிறகு என்ன மாறியது? இரண்டு உலகப் போர்களிலும் கட்டாய ராணுவச் சேவை வந்து, வீட்டுக்கு ஒருவர் சிப்பாய் ஆனார்கள். 1960இல் கட்டாயமாக ஆளெடுப்பது நின்றது. அதன் பிறகு பெரும்பாலான குடும்பங்களில் சிப்பாய் இல்லை. சிப்பாய் தொலைக்காட்சியில் வரும் ஒரு படமாகிவிட்டான். பக்கத்து வீட்டில் குடித்துவிட்டுத் தூக்கத்தில் அலறுபவனை யாரும் வணங்குவதில்லை. படத்தில் இருப்பவனை வணங்குவது சுலபம்.

2003 பிப்ரவரியில் ஈராக் போரை எதிர்த்து லண்டன் தெருக்களில் பத்து லட்சம் பேர் அளவுக்குத் திரண்டார்கள். அரசு கேட்கவில்லை, போருக்குப் போனது. மக்கள் போரையும் போர்வீரனையும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டார்கள். 2011இல் எடுத்த சமூகக் கருத்துக் கணிப்பில் பத்தில் எட்டுப் பேர் ராணுவத்தின் மேல் உயர்ந்த மதிப்பு வைத்திருந்தார்கள். ஈராக் போர் தவறு என்றும் பெரும்பான்மையினர் சொன்னார்கள். பார்க்க நியாயமான பிரிவினைதான். இதில் லாபம் அடைந்தது யார்? அனுப்பியவர்கள். "எதற்காக அனுப்பினாய்?" என்று கேட்டால் "செத்தவனை அவமதிக்காதே" என்று வாயை அடைக்க ஒரு சவப்பெட்டி கிடைத்துவிட்டது. ஈராக்கில் 179 பேர், ஆப்கானிஸ்தானில் 457 பேர்.

அந்தச் சவப்பெட்டிகளில் சிலவற்றின் கதையைப் பார்ப்போம். 'ஸ்நாட்ச் லேண்ட்ரோவர்' என்ற லேசான கவச வண்டியை வட அயர்லாந்துத் தெருக்களுக்கென்று வாங்கியிருந்தார்கள். சாலையோரக் குண்டுகள் வெடிக்கும் ஈராக்குக்கு அதையே அனுப்பினார்கள். சிப்பாய்கள் அதற்கு வைத்த பெயர் நடமாடும் சவப்பெட்டி. மாற்று வண்டி தருவதில் நடந்த தாமதத்தை 2016இல் சில்காட் விசாரணை அறிக்கை கண்டித்தது. அதற்கு முன்பே பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் நீதிமன்றம் போயிருந்தன. கடைத்தெருவில் தலை குனிந்த அரசு, நீதிமன்றத்தில் தலை நிமிர்ந்து என்ன வாதிட்டது தெரியுமா? போர்க்களத்தில் இருக்கும் சிப்பாய்க்கு மனித உரிமைச் சட்டம் பொருந்தாது, அலட்சியத்துக்கு இழப்பீடும் கேட்க முடியாது என்று. 2013இல் உச்ச நீதிமன்றம் குடும்பங்கள் வழக்கு நடத்தலாம் என்று சொன்னது. பாதுகாப்பு அமைச்சகம் மன்னிப்புக் கேட்டது 2017இல்தான்.

ராணுவத்தினருக்கும் நாட்டுக்கும் இடையிலான ஒப்பந்தம் என்று ஒன்றை 2011இல் சட்டத்தில் சேர்த்தார்கள். 2021இல் அதை விரித்தார்கள். வீடு, கல்வி, மருத்துவம் ஆகியவற்றில் உள்ளாட்சிகளும் மற்ற அமைப்புகளும் அந்த ஒப்பந்தத்தை உரிய கவனத்தில் கொள்ள வேண்டும் என்கிறது சட்டம். கவனத்தில் கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வீடு கொடு என்று சொல்லவில்லை. அந்தக் கவனிக்கும் கடமையிலிருந்துகூட மத்திய அரசின் துறைகளை 2021 சட்டம் விலக்கி வைத்தது.

இது வெள்ளைச் சிப்பாய்க்குக் கிடைத்த மரியாதை. இனி வெள்ளையல்லாத சிப்பாயிடம் வருவோம்.

இரண்டு உலகப் போர்களிலும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கூர்க்காக்கள் பிரிட்டனுக்காகச் சண்டையிட்டார்கள். கூர்க்கா என்றால் விசுவாசம், கூர்க்கா என்றால் குக்ரி என்று அந்த நாடு உருகும். ஆனால் 1997 ஜூலைக்கு முன் ஓய்வு பெற்ற கூர்க்கா, தான் காத்த நாட்டில் குடியேற முடியாது என்றிருந்தது. நடிகை ஜோன்னா லம்லி முன்னின்ற பிரச்சாரத்துக்குப் பிறகு, 2009 ஏப்ரலில் நாடாளுமன்ற வாக்கெடுப்பில் அரசு தோற்ற பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. ஓய்வூதியக் கதவு திறக்கவில்லை. அதே வேலை, அதே குண்டு. பழைய கூர்க்காவுக்கு மட்டும் பிரிட்டிஷ் சிப்பாயின் ஓய்வூதியத்தில் ஒரு துண்டு. 2016இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் கைவிரித்தது. 2021 ஆகஸ்டில் வயதான கூர்க்காக்கள் பிரதமர் வீட்டுக்கு எதிரே 13 நாள் பட்டினி கிடந்தார்கள். வீரன் என்று சிலை வைத்திருக்கும் தெருவுக்குப் பக்கத்திலேயே அந்த வீரன் சோறில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

பிஜி நாட்டுச் சிப்பாய்களைக் கேளுங்கள். பிரிட்டிஷ் ராணுவத்தில் பல ஆண்டு வேலை செய்து வெளியே வந்தால், அந்த நாட்டில் தங்க ஒரு தலைக்கு 2,389 பவுண்டு கட்டு என்றார்கள். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஏறக்குறைய பத்தாயிரம். 2022இல், ஆறு ஆண்டு சேவை செய்தவருக்குக் கட்டணம் ரத்து என்று அறிவித்தார்கள். மனைவி மக்களுக்கு அந்த ரத்து கிடையாது. சிப்பாய் தங்கலாம், அவன் குடும்பம் காசு கட்ட வேண்டும்!

உயிரோடிருப்பவனை விடுங்கள், செத்தவனுக்காவது சமத்துவம் உண்டா? முதல் உலகப் போரில் செத்த எல்லோருக்கும் பதவி, மதம் பார்க்காமல் ஒரே மாதிரி நினைவு என்பது 1917இல் தொடங்கிய போர்க் கல்லறை ஆணையத்தின் கொள்கை. 2021 ஏப்ரலில் அந்த ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டது. 45,000 முதல் 54,000 பேர் வரை, ஆசியர்களும் ஆப்பிரிக்கர்களும், சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் குறிக்கப்படாமலோ நினைவுச் சின்னமே இல்லாமலோ விடப்பட்டார்கள். பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள். ஈராக்கில் உள்ள பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்கள் இருக்கின்றன. இந்திய அதிகாரிகளின் பெயர்கள் இருக்கின்றன. இந்தியச் சாதாரணச் சிப்பாய்க்கு எண்ணிக்கை மட்டும். கிழக்கு ஆப்பிரிக்காவில் செத்தவர்களில் பெரும்பகுதி பீரங்கியும் அரிசியும் சுமந்த சுமைகூலிகள். துப்பாக்கி பிடித்தவன் வீரன், மூட்டை தூக்கியவன் கணக்கிலேயே இல்லை. இந்தக் கணக்கு நமக்குப் புதிதா?

இப்போது சிலர் கேட்பார்கள்: வெள்ளைக்காரன் ராணுவத்துக்கும் சேரிக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது. 

மெட்ராஸ் ராணுவத்தில் பறையர்கள் இருந்தார்கள். பம்பாய் ராணுவத்தில் மகர்கள் இருந்தார்கள். பாபாசாகேபின் தந்தை ராம்ஜி அதே ராணுவத்தில் சுபேதார். இந்தியாவைப் பிடிக்கும் வரை இந்தக் கைகள் வேண்டியிருந்தன. பிடித்து முடித்ததும் 'போர்க்குடிகள்' என்று ஒரு கோட்பாடு கிளம்பியது. இன்ன சாதி வீரச் சாதி, இன்ன சாதி கோழைச் சாதி என்று ஆங்கிலேய அதிகாரிகள் கையேடு எழுதினார்கள். மனு எழுதி வைத்ததற்கு ராணுவ முத்திரை குத்தினார்கள். 1890களின் தொடக்கத்தில் மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். நேபாளத்திலும் இதே கணக்குதான்: மகர், குருங், ராய், லிம்பு என்று பொறுக்கி எடுத்தார்கள் (இந்த மகர் நேபாளப் பழங்குடி, நம் மகர் அல்ல). காமி, சார்க்கி, தமாய் என்ற தீண்டப்படாதவர்களுக்குக் கொல்லுப் பட்டறையும் தோல் வேலையும் வாத்தியமும்.

முதல் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் 1917இல் மகர்களுக்கு ஒரு படைப்பிரிவு அமைத்தார்கள். 1921இல் கலைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் 1943இல் சமார் படைப்பிரிவு, 1946இல் கலைப்பு. தேவைப்பட்டால் வீரன், தேவை முடிந்தால் தீண்டப்படாதவன். 1930 நவம்பரில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கர் நின்றுகொண்டு பிரிட்டிஷாரின் முகத்துக்கு நேராகக் கேட்டது இதைத்தான்: உங்கள் ஆட்சிக்கு முன் எங்களுக்குக் கோயில் கதவு மூடியிருந்தது, இப்போது திறந்ததா? காவல்துறையிலும் ராணுவத்திலும் எங்களுக்கு இடம் கிடைத்ததா? அவர் பதக்கம் கேட்கவில்லை. நன்றி கேட்கவில்லை. உரிமை கேட்டார்.

மரியாதை என்பது கொடுப்பவன் கையில் இருக்கிறது. நினைத்தால் கொடுப்பான், நினைத்தால் பிடுங்குவான். உரிமை அப்படியல்ல, அது வாங்குபவன் கையில் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் கும்பமேளாவில் பிரதமர் ஐந்து துப்புரவுத் தொழிலாளர்களின் காலைக் கழுவினார். மலக்குழி மரணம் நின்றதா? கொரோனா நேரத்தில் நம் ஊரில் தூய்மைப் பணியாளர்கள் மேல் பூத்தூவினார்கள், மாலை போட்டார்கள். 2025 ஆகஸ்டில் அதே பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து சென்னை ரிப்பன் மாளிகை முன் உட்கார்ந்தபோது நள்ளிரவில் போலீசை விட்டு அள்ளிக்கொண்டு போனார்கள். பூத்தூவிய கையும் அள்ளிய கையும் ஒன்றுதான். வூட்டன் பாசெட்டில் தலை குனிந்த அரசும், நீதிமன்றத்தில் உரிமை இல்லை என்று வாதிட்ட அரசும் ஒன்றாக இருந்த மாதிரி.

இந்த வீர வணக்கத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. வீரன் தப்பே செய்ய மாட்டான் என்றாகிவிட்டால், அவனிடம் சிக்கியவனுக்கு நீதியே கிடையாது. 2003 செப்டம்பரில் பாஸ்ராவில் பஹா மூசா என்ற ஓட்டல் ஊழியர் பிரிட்டிஷ் படையின் காவலில் அடித்துக் கொல்லப்பட்டார். உடலில் 93 காயங்கள். சிறைக்குப் போனது ஒரே ஒருவர், ஓராண்டு. 2021இல் வெளிநாட்டுப் போர் நடவடிக்கைகளுக்கென்று ஒரு சட்டம் போட்டார்கள்: ஐந்து ஆண்டு கடந்துவிட்டால் பொதுவாகச் சிப்பாய் மேல் வழக்குத் தொடரக் கூடாது என்பதே அதன் நோக்கம். சிப்பாய்க்கு நல்ல வண்டி கொடுக்காத அரசு, அவன் மேல் வழக்கு வராமல் காக்க மட்டும் ஓடோடி வருகிறது. காப்பது அவனை அல்ல, உத்தரவு போட்டவர்களை. காவல் நிலையச் சாவுகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. "நாங்களும் ரத்தம் சிந்தினோம், எங்களுக்கும் ரெஜிமென்ட் இருந்தது" என்று பெருமை பேசும் பதிவுகளை நிறையப் பார்க்கிறேன். அந்த வரலாற்றை மறைத்தவர்களுக்குப் பதிலாகச் சொல்லுங்கள், சரி. ஆனால் ரத்தம் சிந்தியதைக் காட்டித்தான் மனிதன் என்று நிரூபிக்க வேண்டுமென்றால், ரத்தம் சிந்தாத நம் தாய் மனுசி இல்லையா? மூட்டை தூக்கிச் செத்த அந்த ஆப்பிரிக்கன் மனுசன் இல்லையா? குக்ரி பிடித்த கூர்க்காவுக்கே கடைசியில் கிடைத்தது நடைபாதைப் பட்டினிதான்.

பிரிட்டன் மக்கள் நவம்பரில் சட்டையில் பாப்பிப் பூ குத்திக்கொள்ளட்டும், இரண்டு நிமிடம் நிற்கட்டும். மூன்றாவது நிமிடத்தில் மூன்று கேள்வி கேட்கட்டும்: யார் அனுப்பினார்கள்? திரும்பி வந்தவனுக்கு வீடும் முழு ஓய்வூதியமும் சட்டப்படி எப்போது? பாஸ்ராவில் எண்ணிக்கையாகக் கிடப்பவர்களின் பெயர்கள் எங்கே?

நாம் அந்த மூன்றாவது நிமிடத்தில் பிறந்தவர்கள். கேட்டுக்கொண்டே இருப்போம்.