உலர்ந்த காளான்

வற்றல் போடுதல் நம்மவர்க்குப் புதிதாய்க் கற்பிக்க வேண்டிய கலையன்று. சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை, மோர்மிளகாய் என எது மிகினும் அதனை வெயிலிற் பரப்பி உலர்த்திக் கலத்தில் இட்டு வைப்பது கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்தோறும் காணத்தக்கது. போடிநாயக்கனூர்ச் சந்தைக்கு வரும் ஏலக்காயும் சூட்டறையில் உலர்ந்த பின்னரே வருகின்றது. இவ்வளவும் உலர்த்தக் கற்ற நாம் காளானை மட்டும் ஏன் உலர்த்துவதில்லை?

இவ்வினா நூல்நிலையத்திற் பிறந்ததன்று. எம் வீட்டு அடுக்களையிற் பிறந்தது. என் அம்மாச்சி பர்மாவிற் பிறந்தவர். 1962-இல் நீ வின் ஆட்சியைக் கைப்பற்றி, 1964-இல் கடைகளும் வணிகநிலையங்களும் அரசுடைமையாக்கப்பட்டபொழுது, கப்பலேறித் தமிழகம் போந்த குடும்பங்களுள் அவர்தம் குடும்பமும் ஒன்று. பத்து வயதுச் சிறுமி கொண்டுவரக் கூடியது யாது? ஒரு கைம்மணந்தான். கிறிஸ்துமஸ் இரவில் அவர் வைக்கும் தெளிந்த கோழிச்சாற்றில் கரிய காளான் மிதத்தல் வேண்டும். சீனர் அதனை மரக்காது என்பர். பர்மியர் எலிக்காது என்று பொருள்படும் பெயரால் வழங்குவர். உலர்ந்திருக்கையில் கருகிய சருகு போல்வது. வெந்நீரில் இட்டால் சிறிது பொழுதிலேயே பன்மடங்கு விரிந்து, மெல்லுங்கால் நறுக்கென்னும்.

இதனைத் தேடிக் கம்பத்திலும் தேனியிலும் கடைகடையாய் ஏறி இறங்கினேன். ஒருவர் கல்பாசியை எடுத்து நீட்டி, "இதுதானா பாருங்க தம்பி" என்றார். மற்றொருவர் குளிர்பெட்டியிலிருந்து மொட்டுக் காளானை எடுத்துக் கொடுத்தார். சென்னை உறவினர் ஒருவர் கொணரும் சிறு பொட்டலமே எமக்குப் புகலாயிற்று. ஓராண்டு அவர் வரவில்லை. அம்மாச்சி அக்காளான் இன்றியே சாறு வைத்து, எல்லார்க்கும் பரிமாறித் தாம் மட்டும் உண்ணாது எழுந்துவிட்டார்.

காளானை நாம் மதியாமைக்கு நெடிய வரலாறு உண்டு. அதற்குப் பழந்தமிழ்ப் பெயர் ஆம்பி. புறநானூற்றின் 164-ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தம் வறுமையை உரைக்குமிடத்து, சமைத்தலை மறந்த அடுப்பில் ஆம்பி பூத்ததாகக் கூறுகின்றார். சிறுபாணாற்றுப்படையிலும் பாணனது வறிய அட்டிலில் ஆம்பியே முளைத்திருக்கின்றது. ஈரிடத்தும் ஆம்பி உணவாக வரவில்லை. உணவின்மைக்கு அடையாளமாகவே வந்துள்ளது. மனுநூலோ இருபிறப்பாளர்க்குப் பூண்டு வெங்காயத்தோடு காளானையும் விலக்கிற்று. போதாக்குறைக்கு நாய்க்குடை என்றொரு பெயரையும் இட்டுவிட்டோம்! ஆயினும் ஏழை மகளிர் இவ்விலக்கு எதனையும் கேட்டிலர். மழை பெய்து இடி இடித்த மறுநாட் காலையில் கறையான் புற்றோரம் முளைத்தவற்றை மடியிற் கட்டி வந்து அன்றே குழம்பு வைத்தனர். யாத்திராகமத்து மன்னாவைப் போலவே இதுவும் விடியலிற் கிடைப்பது. மறுநாளைக்கு வைத்தாற் புழுப்பது.

மறுநாளைக்கு வைக்கும் வழியைக் கண்டவருள் சீனரும் ஜப்பானியரும் உளர். அவர்கட்கு உலர்த்துதல் வெறுங் காப்புமுறை அன்று. ஷிடாகே என்னும் காளானின் சுவைக்குக் காரணமான பொருளை அகிரா குனினகா என்னும் ஜப்பானிய அறிஞர் 1957-இல் கண்டறிந்தார். பச்சைக் காளானினும் உலர்த்தி ஊறவைத்துச் சமைத்த காளானில் அச்சுவை மிகுதி.

இதற்கென மலையேறிக் காட்டுக் காளானைப் பறித்து வருக என யான் கூறேன். நச்சுக் காளானைப் பிரித்தறியும் கண் நம்மிற் பெரும்பாலோர்க்கு இல்லை; மேகமலைக் காடுகளும் 2021 முதல் புலிகள் காப்பகத்தைச் சார்ந்தவை. நமக்கு வைக்கோல் இருக்கின்றது. 1895-இல் முடிந்த பெரியாற்று அணையின் நீரால் இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளையும். அவ்வைக்கோலை நறுக்கி, ஊறவைத்து, வெந்நீரில் அவித்து, காளான் வித்தோடு பைகளில் அடுக்கினால் ஏறத்தாழ 35 நாளிற் சிப்பிக் காளான் அறுவடையாகும். இடர்ப்பாடெல்லாம் அதன் பின்னர்த்தான். பறித்த ஓரிரு நாளில் விலைபோகாதது குப்பைக்குப் போகும். ஆதலின் வளர்ப்போர் வாங்குவோர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகின்றனர். உலர்த்தினாற் பத்துக் கிலோ ஏறத்தாழ ஒரு கிலோ ஆகும் என்பது மெய். ஆயின் அந்த ஒரு கிலோ மாதக்கணக்கிற் காத்திருக்கும், சென்னைக்கும் செல்லும். ஏலக்காய்க்குச் சூடேற்றத் தெரிந்த ஊரில் இதற்குச் சூடேற்ற ஆள் இல்லையா?

சிப்பிக் காளான் எலிக்காது ஆகுமா என வினவுவார் உளர். ஆகாது. எலிக்காதும் மரத்தூளில் வளர்க்கத்தக்கதே. எனினும் வைக்கோலும் வித்தும் எளிதிற் கிடைக்கும் ஒன்றில் தொடங்குதலே முறை என்பது என் கருத்து.

யானே முயன்று பார்த்தேன். சாரற் காலத்தில் மாடியிற் பரப்பியது இரண்டாம் நாளே பூசணம் பிடித்துக் கெட்டது. சித்திரை வெயிலில் இட்டது இரண்டு நாளிற் கலகலவெனக் காய்ந்தது. அம்மாச்சி அதில் ஒரு பிடியை ஊறவைத்துச் சாற்றில் இட்டார். அகப்பையிற் கோரி வாயிலிட்டு நெடுநேரம் மென்றார். "அது இல்லடா இது" என்றார். பின்னர், எஞ்சியதைப் பழைய ஹார்லிக்ஸ் புட்டியில் இட்டு மூடி, சுண்டை வற்றலுக்கு அருகே பரணில் வைத்தார்.