அண்ணன் என்னும் ஒரு சொல்

தொலைக்காட்சித் தொடர்களைக் குறித்து இப்பகுதியில் எழுத வேண்டிவரும் என்று நான் எண்ணியதில்லை. அதிலும் சீன நாட்டுக் காதற்கதை ஒன்றைப் பற்றி எழுதுவேன் என்று எவரேனும் முன்னரே சொல்லியிருந்தால் நகைத்திருப்பேன். ஆயினும், சென்ற கோடை விடுமுறையில் எங்கள் மயூர் விகார் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு சிறு பூசல், அன்பர்கள் பலருடைய இல்லங்களுக்கும் உரியதாக இருக்கக்கூடும் என்று தோன்றுவதால், அதை ஒளிக்காமல் இங்கே எழுதுகிறேன்.

பதினோராம் வகுப்பில் பயிலும் என் பேத்தி சீனத் தொடர்களை விரும்பிப் பார்ப்பவள். வெளியே அனல் காற்று வீசிய அந்நாட்களில், குளிர்ச்சியான அறை வீட்டில் ஒன்றே ஆகையால், பாட்டியும் பேத்தியும் ஒருங்கே அமர்ந்து ஒரே தொடரைப் பார்க்க நேர்ந்தது. அதற்கு ஆங்கிலத்தில் வைத்துள்ள பெயர் 'ஹிட்டன் லவ்'. சீனத் தலைப்பின் பொருளோ, 'ஒளித்து வைக்க இயலாது' என்பது போன்றது. யூகூ என்னும் சீன நிறுவனம் 2023ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வெளியிட்ட இத்தொடர், ஜூ யீ என்பவருடைய புதினத்தைத் தழுவியது. ஜாவ் லூசி, சென் ஜெயுவான் ஆகிய இருவரும் தலைமை வேடங்களை ஏற்றுள்ளனர். 25 பகுதிகளில் கதை முடிந்துவிடுகிறது. திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளைப் பேத்தி படித்துத் தமிழில் சொல்வாள், பாட்டி கேட்பார்.

கதை எளியது. பள்ளிச் சிறுமி ஒருத்தி. பல்கலைக்கழகத்தில் பயிலும் அவள் அண்ணன். அவனோடு விடுதி அறையில் தங்கும் நண்பன். பள்ளியில் ஆசிரியர் பெற்றோரை அழைத்துவரச் சொல்ல, அச்சத்தால் சிறுமி அந்த நண்பனைத் தன் அண்ணனாக நடிக்கும்படி வேண்டுகிறாள். அவனும் இசைகிறான். அன்று முதல் அவன்பால் அவளுக்கு ஒரு மயக்கம். அவனோ அவளைக் குழந்தை என்றே கருதுகிறான். அவள் வளர்ந்து, அவன் பணிபுரியும் நகரிலேயே கல்லூரியில் சேர்ந்த பின்னர்தான் இருவர் மனமும் ஒன்றுபடுகின்றன. விவரம் அறிந்த அண்ணன் சினங்கொள்வதும் பின்னர்த் தணிவதும் நல்ல நகைச்சுவை.

மாலை வேளைகளில் எங்கள் வீட்டிற்கு வரும் அண்டை வீட்டாரும் தொடரைப் பார்க்கத் தலைப்பட்டனர். ஆளுக்கொரு கருத்துக் கூறினர். அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர், "பள்ளிச் சிறுமியின் உள்ளத்தில் காதலா? இதைப் பிள்ளைகள் பார்க்கலாமா?" என்று கடிந்தார். கதையின் முற்பகுதியைப் பற்றி எனக்கும் அந்த நெருடல் உண்டு. ஆனால், அவள் சிறுமியாக இருந்தவரை அவன் எல்லை கடக்கவில்லை என்று பேத்தி எடுத்துக்காட்டியபோது, அதையும் மறுக்க முடியவில்லை. என் மருமகளோ, "25 பகுதிகளில் முடித்துவிட்டார்களே, அதற்காகவே கும்பிடலாம்" என்றாள். 2003 முதல் 2009 வரை 1,500 பகுதிகளுக்கு மேல் ஓடிய 'கோலங்கள்' தொடரை ஒருநாளும் விடாமல் பார்த்த குடும்பம் எங்களுடையது! மாடியில் வாழும் கல்லூரி மாணவி, காதலைவிட அண்ணன் தங்கையின் சண்டைகளே மிகச் சுவையானவை என்றாள்.

இவை யாவும் இன்பமாகவே சென்றன. பூசல் எழுந்தது ஒரே ஒரு சொல்லால்.

அச்சிறுமி அந்த நண்பனை 'கெகெ' என்று அழைக்கிறாள். சீன மொழியில் அதற்கு அண்ணன் என்று பொருள். அவனும் அவளிடம் பேசும்போது தன்னை 'கெகெ' என்றே குறிப்பிடுகிறான். பேத்தி அதைத் தயங்காமல் 'அண்ணா' என்று தமிழாக்கி வந்தாள். முதற் பகுதிகளில் பாட்டிக்கு அதில் குறையொன்றும் தோன்றவில்லை. கதை காதலாகக் கனியத் தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னடி இது? அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிட்டவனையா கட்டிக்கொள்ளப் போகிறாள்? சீ, நிறுத்து அதை!"

"பாட்டி, அவன் உடன்பிறந்தவன் இல்லையே. அண்ணனுடைய நண்பன்தானே?"

"நண்பனாக இருந்தால் என்ன? அண்ணா என்றால் அண்ணாதான். அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு வேறு பேச்சே இல்லை."

என் துணைவியார் கூறியதில் தமிழ் மரபின் முழு நியாயமும் அடங்கியிருக்கிறது. நம் முறைப்பெயர்கள் வெறும் அழைப்புச் சொற்கள் அல்ல. சித்தப்பா மகனும் பெரியம்மா மகனும் நமக்கு அண்ணன் தம்பியர்; மாமன் மகனும் அத்தை மகனும் அத்தான், மச்சான் என்னும் முறையினர். எவரை மணக்கலாம், எவரை மணக்கலாகாது என்பதை அழைக்கும் சொல்லே அறுதியிட்டுவிடும். அண்ணா என்றழைத்த அந்தக் கணத்தில் ஒரு கதவு சாத்தப்படுகிறது. வடநாட்டுப் பள்ளிகளில் ஒரு பையனின் தொல்லை மிகுமானால், பெண்கள் ராக்கிக் கயிற்றை அவன் கையில் கட்டி உடன்பிறந்தானாக்கி விடுவர் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நமக்குக் கயிறும் வேண்டா. சொல் ஒன்றே போதும்.

அவ்வேளையில் அங்கிருந்த எங்கள் மலையாள அண்டை வீட்டு அம்மையார் மெல்லச் சிரித்தார். "மாமி, நான் என் கணவரை எப்படிக் கூப்பிடுகிறேன் என்று உங்களுக்குத் தெரியாதா?" என்றார். எங்கள் வீட்டுக்குள் சிறிது நேரம் அமைதி நிலவியது. இருபது ஆண்டுகளாக அவர் தம் கணவரைச் 'சேட்டா' என்று அழைப்பதைச் சுவருக்கு இப்பாலிருந்து நாங்கள் நாள்தோறும் கேட்டு வருகிறோம். சேட்டன் என்றால் மூத்த சகோதரன்தான்! தமிழுக்கு மிக நெருங்கிய உறவுடைய மொழியில், நமக்கு அடுத்த கதவில், கூடாது என்று நாம் சொல்லும் அதே வழக்கு இல்லறத்தின் இனிய சொல்லாக வாழ்ந்துகொண்டிருக்கிறது. கொரிய மொழியின் 'ஒப்பா' என்னும் சொல்லும் அத்தகையதே. பெண்ணொருத்தி தன் அண்ணனையும் அழைப்பாள், காதலனையும் அழைப்பாள்.

துணைவியார் சற்றே இளகினார். எனினும் விட்டுக்கொடுக்க மனமின்றி, "அவர்கள் வழக்கு அவர்களுக்கு. நீ தமிழில் சொல்லும்போதாவது வேறு சொல் போட்டுச் சொல்லக்கூடாதா?" என்று பேத்தியைக் கேட்டார்.

அப்போதுதான் அப்பெண்ணின் கண்கள் கலங்கின.

"எனக்கு வேறு என்ன சொல் தெரியும் பாட்டி? போன வருடம் கும்பகோணத்துக் கலியாணத்தில் நான் ஒருவரை அண்ணா என்று கூப்பிட்டேன். பந்தியே சிரித்தது. 'அவன் உனக்கு அத்தான்டி, அண்ணா என்று சொல்லி அவன் பிழைப்பைக் கெடுக்காதே' என்றார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அன்றைக்குப் பிறகு அங்கே நான் தமிழே பேசவில்லை. யாரும் கவனிக்கக்கூட இல்லை."

அன்பர்களே, அந்தப் பந்தியில் சிரித்தவருள் நானும் ஒருவன். தீய எண்ணம் எவருக்கும் இல்லை. ஆயினும் அந்தச் சிரிப்பு ஒரு குழந்தையின் வாயை அடைத்திருக்கிறது. ஓராண்டாக அதை நாங்கள் அறியவும் இல்லை.

பிழை அவளுடையதா? தில்லியில் பிறந்து வளர்ந்தவள் அவள். கடைக்காரர் பையா, ஆட்டோ ஓட்டுநர் பையா, பக்கத்து வீட்டுப் பையனும் பையா. வயதில் மூத்த ஆண்கள் அனைவரும் அங்கிள். பெண்கள் அனைவரும் ஆன்ட்டி. என் மகளையே, சொந்த அத்தையையே, இவள் சில வேளைகளில் ஆன்ட்டி என்று அழைத்ததுண்டு. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் பயிலும் பிள்ளைகள் தமிழைப் பாடமாகவேனும் கற்கின்றனர். இவள் பயிலும் பள்ளியில் அதற்கு வாய்ப்பில்லை. மேலும், முறைப்பெயர்களைப் பாடநூலால் மட்டும் கற்பித்துவிட முடியாது. கொழுந்தியும் நாத்தனாரும் ஓரகத்தியும் வந்து போகும் வீட்டில்தான் அச்சொற்கள் உயிர் வாழும். அழைப்பதற்கு ஆள் இல்லாத ஊரில் அழைக்கும் சொல் எங்ஙனம் தங்கும்?

இதில் வியப்பு என்னவெனில், சீனருடைய முறைப்பெயர்கள் ஆங்கிலத்தைக் காட்டிலும் தமிழுக்கே அணுக்கமானவை. ஆங்கிலத்தில் அங்கிள் என்னும் ஒரே சொல்லில் அடங்குபவரைச் சீனர் நம்மைப் போலவே பிரித்து அழைப்பர். தந்தையின் தமையன் 'போபோ'. தந்தையின் தம்பி 'ஷூஷூ'. தாயின் உடன்பிறந்தான் 'ஜியூஜியூ'. பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று நாம் சொல்வது போன்றதே இது. அண்ணனுக்கும் தம்பிக்கும், அக்காவுக்கும் தங்கைக்கும் அவர்களிடம் தனித்தனிச் சொற்கள் உள்ளன.

வேறுபாடு ஓரிடத்தில்தான். தந்தையுடன் பிறந்த ஆண்களின் மக்களை, குடிப்பெயர் ஒன்றாகையால், அவர்கள் 'தாங்' வகையினர் என்று ஒதுக்குவர். அவர்களுக்குள் மணம் கூடாது. அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயின் சகோதரி மக்கள் ஆகிய அனைவரும் 'பியாவ்' என்னும் ஒரே வகையினர். முற்காலத்தில் அவர்களை மணப்பது வழக்கமாக இருந்தது. 1980ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் அதனையும் விலக்கிவிட்டது. சீனத்தின் பெரும் புதினமான 'செம்மாடக் கனவு', சாவ் சுவேசின் என்பவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதத் தொடங்கி, 120 அதிகாரங்களாக 1791ல் அச்சேறியது. அதன் நாயகன் காதலிப்பது அத்தை மகளை. பெரியோர்கள் வஞ்சித்து அவனுக்கு மணமுடித்து வைப்பதோ அவன் தாயின் சகோதரி மகளை. நம் பாட்டிமார் அந்நூலைப் படித்தால், "முறைப்பெண்ணைத் தவிக்கவிட்டுத் தங்கையைக் கட்டிவைத்தார்களே, பாவிகள்!" என்று அலறுவார்கள் என்பதில் ஐயமில்லை.

இன்னொன்றும் நினைவிற்கு வருகிறது. ஏறத்தாழ 1980 முதல் 2015 வரை, குடும்பத்திற்கு ஒரு குழந்தை என்ற விதியைச் சீன அரசு நடத்தியது. அதனால் நகரங்களில் ஒரு தலைமுறையே அண்ணனும் அக்காவும் இன்றி வளர்ந்தது. இத்தொடரின் நாயகிக்கு உடன்பிறந்த அண்ணன் உண்டு. அதைக் கண்டு களித்த சீன இளைஞர் பலருக்கு அவ்வாறு ஒருவர் இல்லை. பெற்றோரும் தனிப்பிள்ளைகளாயின், அவர்களின் மக்களுக்குச் சித்தப்பாவும் மாமாவும் எங்கிருந்து வருவர்? அவர்களை இழக்கச் செய்தது சட்டம். நம்மை இழக்கச் செய்தது இரண்டு நாள் இரயில் பயணம். உறவினர் அருகில் இல்லாத வீட்டில் உறவுச்சொல் தேய்வது இரு நாடுகளிலும் ஒன்றே.

முறை தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்வது, முறைமணம் வேண்டும் என்பதற்காக அன்று. நெருங்கிய உறவில் மணமுடிப்பது குறைந்து வருவது நல்லதே. ஆனால், ஒருவரை அத்தான் என்றோ சித்தி என்றோ அழைக்கும்போது, நான் உனக்கு இன்னார், நீ எனக்கு இன்னார் என்னும் உறுதி அதிலே இருக்கிறது. ஊரைவிட்டு வந்த நமக்கு அந்த உறுதி மற்றவரைவிடக் கூடுதலாகவே தேவை.

அன்று இரவு என் துணைவியார் பேத்தியை அருகில் அமர்த்திக்கொண்டார். "சிரித்தது தப்புத்தான் அம்மா" என்றார். நாற்பத்தைந்து ஆண்டு இல்வாழ்க்கையில் அவர் தம் தவறென்று ஒப்புக்கொண்டதை நான் கேட்ட நேரங்கள் மிகச் சிலவே. பிறகு ஒரு தாளில் வேர் முதல் கிளை வரை குடும்ப மரம் ஒன்றை வரைந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் அருகே அவள் அழைக்க வேண்டிய சொல். மறுநாள் கும்பகோணத்திற்குத் தொலைபேசியில் அழைத்து, "அத்தான், நான் தில்லியிலிருந்து பேசுகிறேன்" என்று அவள் தொடங்கியதும், அந்தப் பையன் எதிர்முனையில் சிரித்த சிரிப்பு கூடம் வரை கேட்டது. இம்முறை அவளும் சிரித்தாள்.

தொடரையும் முடிவு வரை பார்த்தார்கள். வளர்ந்த பின் நாயகி அவனைப் பெயர் சொல்லி அழைக்கும் இடம் வந்தபோது, "அப்பாடா! இதை முதலிலேயே செய்திருக்கலாம்" என்று பாட்டி பெருமூச்செறிந்தார். இப்போது அடுத்த தொடரைத் தேர்ந்தெடுத்துக் கொண்டிருக்கிறார்கள்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகள் அயல்நாட்டுத் தொடர்களைப் பார்க்கிறார்கள் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு அகலாமல், உள்ளே சென்று அமருங்கள். "எனக்குப் புரியவில்லை, தமிழில் சொல்" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் தமிழில் பிழை வரும். திருத்துங்கள், சிரிக்காதீர்கள்.