கிருஷ்ண ரெட்டிக்கு ஓசூரில் ஒரு பட்டறை வேண்டும்

ஓசூர் சிப்காட்டில் டை மேக்கராக வேலை பார்ப்பவன் நான். அச்சோவியத்தை வெறும் பிரதி என்று ஒதுக்குபவர்களிடம் கிருஷ்ண ரெட்டியின் பெயரைத்தான் சொல்வேன். நம் எல்லையை ஒட்டிய சித்தூர்ச் சீமைக்காரர், 1925இல் பிறந்தவர். சாந்திநிகேதனில் படித்தார், கலாஷேத்ராவில் கற்பித்தார், பிறகு பாரிஸில் அச்சோவியர் ஹேட்டரின் அட்லியே 17 பட்டறைக்குப் போனார்.

அங்கே சக கலைஞர் கைகோ மோத்தியோடு சேர்ந்து அவர் வளர்த்த பல நிற அச்சு முறை தொழில் தெரிந்தவனை மலைக்க வைக்கும். நிறத்துக்கு ஒரு தகடு என்பது வழக்கம். அவருக்கு ஒரே தகடு போதும். அதைச் சிற்பம்போல வெவ்வேறு ஆழத்தில் குடைவார். கெட்டியான ரோலர் மேட்டை மட்டும் தொடும். மெத்தென்றது பள்ளத்திலும் இறங்கும். எண்ணெய் கூடிய மையின் மேல் எண்ணெய் குறைந்த மை ஒட்டாது. இந்த இரண்டு உண்மைகளை வைத்தே பல நிறங்களையும் ஒரே அழுத்தில் தாளுக்குக் கொண்டுவந்தார். இதைக் கைவேலை என்று மட்டும் சொல்வது அநியாயம், இது சிந்தனை.

நைஜீரியாவின் நவீனக் கலையைப் பேசுபவர்கள் அச்சோவியர் புரூஸ் ஒனோபிரக்பேயாவை முன்வரிசையில் வைக்கிறார்கள். நாமோ ரெட்டிக்கு 1972இல் பத்மஸ்ரீ கொடுத்ததோடு நின்றுவிட்டோம். 2018இல் அவர் நியூயார்க்கில் மறைந்தார். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவர் பெயரே தெரியாது.

கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகமோ ஓசூரின் ஏதாவதொரு ஐடிஐயோ அச்சோவியப் பட்டறைக்கு ஓர் அறையை ஒதுக்கட்டும். அதற்கு வேண்டிய எட்சிங் பிரஸ் என்பது இரண்டு உருளை, ஒரு மேடை, ஒரு சக்கரம். அதை நம் டூல் ரூம்களிலேயே செய்துவிடலாம்.