தோள்பட்டை தேறுகிறதா? மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள்!

“மதுராந்தகம் அருகே நெல் விவசாயம் செய்கிறேன். வயது 58. வலது தோள்பட்டையில் தசைநார் கிழிந்திருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. விழுந்து அடிபடவில்லை. தி.நகரில் மகள் வீட்டில் தங்கி, ஆறு வாரங்களாகப் பிசியோதெரபி எடுத்து வருகிறேன். ‘ஏ.எஸ்.இ.எஸ்’ என்ற படிவத்தில் 45 ஆக இருந்த மதிப்பெண் 55 ஆகிவிட்டது, நல்ல முன்னேற்றம் என்கிறார்கள். ஆனால், தெளிப்பானை இன்னும் முதுகில் மாட்ட முடியவில்லை. ஆபரேஷன் செய்துகொள்ளலாமா, காத்திருக்கலாமா?”
- வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்.

உங்கள் சந்தேகம் நியாயமானது. அந்த மதிப்பெண் எப்படி வருகிறது என்று முதலில் பார்ப்போம். மொத்தம் 100. அதில் பாதி, வலிக்கு. மீதிப் பாதி, தலை சீவுவது, வலியுள்ள பக்கம் ஒருக்களித்துப் படுப்பது, உயரமான அலமாரியை எட்டுவது, வழக்கமான வேலையைச் செய்வது என 10 செயல்களுக்கு. 10-க்கு 6 என்றிருந்த வலி 5 ஆனாலே 5 மதிப்பெண் கூடும். ‘மிகவும் கடினம்’ என்றிருந்த மூன்று செயல்கள் ‘கொஞ்சம் கடினம்’ ஆனால் இன்னொரு 5 கூடும். ஆக, 45 என்பது 55 ஆகிவிடும். தெளிப்பான் மட்டும் மூலையிலேயே கிடக்கும்.

பயிர்ப் பாதுகாப்பில் ‘பொருளாதாரச் சேத நிலை’ என்பது நமக்குத் தெரியும். நெல் தூர் கட்டும் பருவத்தில் இலைச்சுருட்டுப் புழுவின் சேதம் 10 சதவிகிதத்தைத் தாண்டினால்தான் மருந்து பற்றி யோசிப்போம். நாலு இலை சுருண்டதற்கெல்லாம் தெளிப்பானைத் தூக்குவதில்லை. மருத்துவத்திலும் அப்படி ஓர் எல்லைக்கோடு உண்டு. ‘எனக்குத் தேவலை’ என்று நோயாளியே உணரும் குறைந்தபட்ச மாற்றம் அது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1989-ம் ஆண்டில் இதை வரையறுத்தார்கள். பிறகு, தோள்பட்டைத் தசைநார்ப் பிரச்னைக்கு ஆபரேஷன் இல்லாமல் சிகிச்சை பெற்றவர்களை வைத்து அமெரிக்காவில் கணக்கிட்டதில், ஏ.எஸ்.இ.எஸ் படிவத்தில் அந்தக் கோடு 12 முதல் 17 மதிப்பெண் என்று வந்தது. வலி அளவில் 1.4. உங்களுக்குக் கூடியிருப்பது 10. அதாவது, கோட்டை நெருங்கியிருக்கிறீர்கள், இன்னும் தாண்டவில்லை.

அதற்காக உடனே ஆபரேஷன் என்று முடிவெடுக்க வேண்டியதில்லை. அடிபடாமல், தேய்மானத்தால் முழுமையாகக் கிழிந்த 452 பேருக்கு அமெரிக்காவில் பயிற்சிச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டுகளில் ஆபரேஷனுக்குப் போனவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. அப்படிப் போனவர்களிலும் பெரும்பாலானோர் முதல் 12 வாரங்களுக்குள் முடிவெடுத்தவர்கள். பின்லாந்தில் 55 வயதைத் தாண்டியவர்களிடம், அடிபடாமல் வந்த கிழிசலுக்கு மூன்று வகைச் சிகிச்சைகளை ஒப்பிட்டு 2014-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டு கழித்து, 100-க்கு, பயிற்சி மட்டும் செய்தவர்கள் 74. எலும்பைச் சீவிவிட்டுப் பயிற்சி கொடுக்கப்பட்டவர்கள் 77. இவற்றோடு தசைநாரையும் தைத்துக்கொண்டவர்கள் 78. இந்த மூன்று, நான்கு மதிப்பெண் வித்தியாசம் கையில் தெரியக்கூடியது அல்ல.

எனவே, 12 வாரங்கள் முடியட்டும். அதற்குள் ஒரு நோட்டில் உங்களுக்கு முக்கியமான ஐந்து வேலைகளை எழுதுங்கள். 16 லிட்டர் தெளிப்பானை மாட்டுவது, மண்வெட்டி பிடிப்பது, மூட்டையைத் தலைக்கு ஏற்றுவது, சட்டை போடுவது, இரவு தூங்குவது... எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் 10-க்கு எவ்வளவு முடிகிறது என்று இன்றைய தேதியோடு குறியுங்கள். பளுவான வேலையைச் சோதிப்பதற்கு முன்பு பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது மாதம் மறுபடி குறியுங்கள். அப்போதும் அசைவில்லை என்றால், அந்த நோட்டோடு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

ஆபரேஷன் செய்துகொள்பவர்களும் கையைத் தொங்கவிடும் முன்பே, ஆபரேஷனுக்கு முந்தைய நிலையை எழுதி வைக்க வேண்டும். கட்டு அவிழ்த்த நாளோடு ஒப்பிட்டால், கை விரலை அசைப்பதுகூடப் பெரிய முன்னேற்றமாகத்தான் தெரியும்.

ஒரு எச்சரிக்கை: மரத்திலிருந்தோ, டிராக்டரிலிருந்தோ விழுந்து, உடனே கையைத் தூக்க முடியாமல் போனால் இந்தக் காத்திருப்புக் கணக்கு பொருந்தாது. தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

“அடையாறில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். வயது 64. ஆறு மாதப் பயிற்சிக்குப் பிறகு தோள்பட்டை வலி போய்விட்டது. பந்தலில் கொடி கட்டுகிறேன், பூவாளியும் தூக்குகிறேன். ஆனால், எம்.ஆர்.ஐ ஸ்கேனில் கிழிசல் அப்படியே இருக்கிறது. அப்படியானால், குணமாகவில்லையா?”
- வாசகி, சென்னை.

பயிற்சியால் கிழிசல் ஒட்டிக்கொள்வதில்லை. சுற்றியுள்ள தசைகள் பலம் பெற்று, அந்த வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. வலியே இல்லாத முதியவர்கள் பலருக்கும் ஸ்கேன் எடுத்தால் கிழிசல் தெரியும். கொடி கட்ட முடிகிறது, தூக்கம் கெடவில்லை என்றால் அதுதான் குணம். படத்துக்காகச் சிகிச்சை வேண்டாம். ஆனால், கிழிசல் நாளடைவில் பெரிதாகலாம். பூவாளி திடீரெனக் கனக்க ஆரம்பித்தாலோ, இரவில் வலி திரும்பினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள்.

இருவருக்குமே பொதுவாக ஒரு தகவல். மயிலாப்பூர், தி.நகர் பகுதியில் இருப்பவர்களுக்கு இராயப்பேட்டை அரசு மருத்துவமனை பக்கம்தான். ஊர் திரும்பிய பிறகு நகரத்துக்கு அலைய முடியாதவர்கள், 2021 ஆகஸ்ட்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே பிசியோதெரபி கிடைக்குமா என்று தங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 104 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம்.